செத்த காகம், வலசை வாத்து, ஆஃப் பாயில்: பறவைக் காய்ச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிற ஆள் நான். என் தகுதி அவ்வளவுதான், கால்நடை மருத்துவர் கிடையாது. ஆனால் ஐப்பசி பிறந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கியதும், ஏதாவது ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓட ஆரம்பித்ததும், சித்தப்பாவில் இருந்து எதிர்வீட்டு அக்கா வரை எல்லோரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், இதுவரை கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். பெரிய வரிசையெல்லாம் கிடையாது.

மொட்டை மாடியில் ஒரு காகம் செத்துக் கிடக்கிறது. பறவைக் காய்ச்சல்தானே?

ஒரே ஒரு காகம் என்றால் பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். கரண்டு கம்பி, மாஞ்சா நூல், எலி மருந்து தின்று செத்த எலி, சித்திரை வெயில், வயசு என்று காகம் சாக ஆயிரம் வழி உண்டு. நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயம்: எத்தனை செத்தது, எத்தனை நாளில் செத்தது, சாகாமல் இருக்கிற மற்ற காகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன. ஒரே தெருவில் இரண்டு மூன்று நாளுக்குள் ஐந்தாறு காகம் விழுந்தால், அல்லது உயிரோடு இருப்பது தள்ளாடி, கழுத்தை முறுக்கி, பக்கத்தில் போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருந்தால், அப்போது யோசிக்க வேண்டும்.

காகத்துக்கு ஏன் வருகிறது என்றால், அது எதையும் தின்னும். செத்த வாத்தையும் தின்னும், கறிக்கடைக் கழிவையும் கிளறும். 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரியிலும் ராஜஸ்தானின் ஜாலாவரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தோரிலும் கொத்துக் கொத்தாகக் காகங்கள் செத்ததில்தான் பலருக்கு விஷயமே தெரிய வந்தது. அதே ஜனவரியில் டெல்லி செங்கோட்டையில் செத்த காகத்துக்கு நோய் உறுதியாகி, கோட்டையையே பார்வையாளர்களுக்கு மூடினார்கள்.

அந்தக் காகத்தை எப்படி எடுத்துப் போடுவது?

இதை நிதானமாகப் படியுங்கள், இந்தப் பக்கத்தில் உண்மையிலேயே உபயோகமானது இதுதான்.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி மேல் காகம் கிடந்தது. வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை நாற்பது மெசேஜ், மூன்று வீடியோ, யாரோ ஒருவர் கோழிக்கறி ஆர்டரை ரத்து செய்ததாக வேறு அறிவித்தார். அதற்குள் வாட்ச்மேன் அண்ணன் மேலே ஏறி, வெறுங்கையால் இறக்கையைப் பிடித்துத் தூக்கி, பழைய பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு வந்து, அந்தக் கையோடு டீ கிளாஸை எடுத்தார். நாற்பது மெசேஜ் போட்டவர்களுக்கு இருந்த ஆபத்து ஏறக்குறைய பூஜ்யம். ஆபத்து என்று ஒன்று இருந்திருந்தால் அது முழுக்க அவருக்குத்தான், அவரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிறைய செத்திருந்தால் நீங்கள் எடுக்கவே வேண்டாம், கீழே சொல்கிற இடத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு, நாய் பூனை குழந்தைகள் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்றே ஒன்று, எடுத்தே ஆக வேண்டும் என்றால்: மூக்கு வாயை மூடி மாஸ்க், கையில் கிளவுஸ். கிளவுஸ் இல்லையா, கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, அதாலேயே பறவையைப் பிடித்து, பையை அப்படியே உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி முடிச்சுப் போடுங்கள். அதை இன்னொரு பைக்குள் போட்டு இன்னொரு முடிச்சு. கிடந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிச் சிறிது நேரம் விட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் மேல் கொழுப்பு உறை போர்த்திய சாதி, சோப்புக்கே தாங்காது. அதனால் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் டீ.

யாரிடம் சொல்ல வேண்டும்?

பக்கத்தில் இருக்கிற அரசு கால்நடை மருந்தகம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1962, கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண். சரணாலயம், சதுப்புநிலம், காடு என்றால் வனத்துறை. அவர்கள் வந்து பஞ்சுக்குச்சியால் தொண்டையிலும் மலவாயிலும் மாதிரி எடுத்து, ஐஸில் வைத்து அனுப்புவார்கள். கடைசி உறுதி போபாலில் இருக்கிற உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தில் இருந்துதான் வரும். அங்கிருந்து முடிவு வரும்வரை யார் எந்த வீடியோவில் என்ன சொன்னாலும் அது யூகம்.

எச்5என்1 என்கிறார்களே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

வைரஸின் மேல்தோலில் இரண்டு வகைப் புரதம் முள் முள்ளாக நிற்கிறது. ஒன்றின் முதலெழுத்து எச், இன்னொன்றுக்கு என். காட்டுப் பறவைகளிடம் எச் வகையில் குறைந்தது பதினாறும் என் வகையில் ஒன்பதும் உண்டு, அதில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் பெயர். கிளுவை, ஊசிவால் வாத்து போன்ற காட்டு வாத்துகள் காலங்காலமாக இந்த வைரஸ்களைக் குடலில் சுமந்துகொண்டு, தும்மல்கூட இல்லாமல் பறந்துகொண்டிருந்தவை. அந்தச் சாதுவான வகைகளில் எச்5, எச்7 இரண்டும் நெருக்கி அடைத்த கோழிப் பண்ணைக்குள் புகுந்தால் சில சமயம் உருமாறிக் கொலைகார வகை ஆகிவிடும். தொந்தரவு தொடங்குவது அங்கேதான்.

அப்படியானால் காட்டுப் பறவைகள்தான் நமக்கு நோயைக் கொண்டுவருகின்றன, இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உலகத்தைச் சுற்றுகிற எச்5என்1-இன் பரம்பரையைப் பின்னோக்கித் தேடிப் போனால், 1996-ல் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் வந்து நிற்கும். அங்கே அது முதலில் கண்டறியப்பட்டது வளர்ப்புப் பெருவாத்துப் பண்ணையில், காட்டுப் பறவையிடம் இல்லை. மறு வருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள், அதுவும் உயிர்க்கோழிச் சந்தை வழியாக. 2005 மே மாதம் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆறாயிரத்துக்கு மேல் வலசைப் பறவைகள் செத்து மிதந்தபோதுதான் அது காட்டுப் பறவைகளுக்குள் பெரிய அளவில் இறங்கிவிட்டது என்பது உலகத்துக்கு உறைத்தது. நாம் வளர்த்து, நம் பண்ணையில் இருந்து அவற்றுக்குப் போன நோய் அது. பிறகு அவை அதைச் சுமந்து வந்து திரும்பவும் பண்ணைக்குக் கொடுத்தன என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. இப்போது இரண்டு பக்கமும் போக்குவரத்து நடக்கிறது.

கேரளத்தின் குட்டநாட்டைப் பாருங்கள். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் வளர்ப்பு வாத்து மேய்கிறது, அதே தண்ணீரில் வலசை வாத்தும் இறங்குகிறது. ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரிதான். 2014, 2016, 2020 முடிவில், மறுபடியும் 2024 என்று திரும்பத் திரும்ப அங்கே வருவதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம். அதோடு பண்ணையில் இருந்து பண்ணைக்குப் போகிற லாரி, கூண்டு, முட்டை அட்டை, ஆட்களின் செருப்பு இவற்றிலும் வைரஸ் பயணம் செய்யும். அவற்றுக்கு இறக்கை இல்லாததால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

போங் அணையில் என்ன நடந்தது?

இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் குறுக்கே இருக்கிற பெரிய நீர்த்தேக்கம் அது, குளிர்காலத்தில் லட்சம் பறவைக்கு மேல் வந்து தங்கும். 2020 டிசம்பர் கடைசியில் கரையோரம் செத்த வாத்துகளை வனக் காவலர்கள் பார்த்தார்கள். ஜனவரி முதல் வாரத்தில் போபால் உறுதி செய்தது, எச்5என்1. அந்தப் பருவம் முடிவதற்குள் ஏறத்தாழ ஐயாயிரம் பறவைகள் போய்விட்டன, அதில் மிகப் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை போட்டிருக்குமே, அதுதான். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை, ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் பறந்ததைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் மூச்சுப் பிடித்து வந்து, சேற்றில் தலை சாய்ந்து கிடந்தது.

வனத்துறைக்காரர்கள் முழுக்கவச உடை போட்டுக்கொண்டு கரை முழுக்க நடந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழியில் புதைத்தார்கள். அணையைச் சுற்றி மீன்பிடிப்பு, சுற்றுலா, மாடு மேய்ப்பு எல்லாம் நிறுத்தப்பட்டன, சுற்றுவட்டாரத்தில் கோழி விற்கவும் தடை. எனக்கு முக்கியமாகப் படுவது, உயிரோடு இருந்த பறவைகளை யாரும் சுடவில்லை, விரட்டவில்லை. செத்ததை மட்டும் எடுத்தார்கள். எடுக்காமல் விட்டால் காகமும் கழுகும் தின்று அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

அதே வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கும் வருகிறதே?

வருகிறது. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் பனிக்காலத்தில் அதைப் பார்க்கத்தான் எங்களைப் போன்றவர்கள் ராத்திரி பஸ் ஏறிப் போகிறோம். அதனால் நம் பக்கம் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம்: கடுமையாகப் பாதித்த பறவையால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க முடியாது. அறிகுறி இல்லாமல் சுமக்கிற வாத்து இனங்கள்தான் தூரம் கடத்தும் என்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும், நம் ஊர்ச் சூட்டில் அதன் ஆயுள் நாள் கணக்குத்தான். வெயில் ஒரு வகையில் நமக்குக் காவல், முழுக் காவல் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஆகஸ்டில் டெல்லி உயிரியல் பூங்காவில் மஞ்சள் மூக்கு நாரைகள் இதே நோயில் செத்தபோது அங்கே குளிர்காலம் இல்லை.

எங்கள் ஊர் மரத்தில் நாரைக் கூடு நிறைய இருக்கிறது. கிளையை வெட்டிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் அது குற்றம், 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது, அது நோய்க்கு எதிராக ஒன்றும் செய்யாது, கலைந்த பறவை அடுத்த குளத்துக்கு, அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவுதான். காட்டுப் பறவைகளைக் கொல்வதோ அவற்றின் இருப்பிடத்தை அழிப்பதோ நோயைக் கட்டுப்படுத்தாது, பரப்பவே செய்யும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன.

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலந்து வயலுக்கு உரமாகிறது என்று ஊர்க்காரர்கள் கண்டுகொண்டு, பறவையைச் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். பறவை தலைக்கு மேல் கூடு கட்டி, எச்சம் போட்டு, குஞ்சு பொரித்துக்கொண்டிருக்க, அதன் கீழேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் அவை. கூடு இருக்கிற மரத்தடியில் திறந்த பானையில் தண்ணீர் வைக்காதீர்கள், அங்கே கோழியை மேய விடாதீர்கள், அது போதும்.

குழந்தைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகலாமா?

சரணாலயம் திறந்திருந்தால் போகலாம். அங்கே நீங்கள் நடப்பது ஏரிக்கரை மேல், பறவை இருப்பது தண்ணீருக்குள் நிற்கிற மரத்தில். அந்தத் தூரத்தில் பார்ப்பதால் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது. இறகு பொறுக்கக்கூடாது என்று குழந்தையிடம் சொல்லிவிடுங்கள், எல்லாக் குழந்தைகளும் பொறுக்கும். சாப்பிடுவதற்கு முன் கை கழுவல். எச்சத்தை மிதித்த செருப்போடு வீட்டுக் கோழிக் கூண்டுக்குள் போக வேண்டாம். இதே அறிவுரையை எனக்கும் சொல்லிக்கொள்கிறேன், என் ஏரிச் செருப்பு இப்போதெல்லாம் வாசலுக்கு வெளியேதான் கிடக்கிறது.

நடந்து போகும்போது தலையில் எச்சம் விழுந்துவிட்டது...

கழுவுங்கள். காசு வரும் என்று பாட்டி சொல்லுவார்.

பால்கனியில் புறாத் தொல்லை, அதனால் வருமா?

மாடப்புறாவுக்கு இந்த வைரஸ் அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை. காய்ந்த புறா எச்சத்தின் தூசியால் நுரையீரலுக்கு வருகிற தொந்தரவு வேறு கதை, அதற்காகவாவது பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள், அது எந்தக் காய்ச்சலும் இல்லாத வருஷத்திலும் செய்ய வேண்டியது.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். நிறுத்த வேண்டுமா?

எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். அம்மா மதில் மேல் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்து "கா கா" என்று கூப்பிட்டுவிட்டு, காகம் வந்து எடுத்தபிறகுதான் எங்களுக்கு இலை போடுவார். உங்கள் வட்டாரத்தில் காகம் கூட்டமாகச் சாகவில்லை என்றால் நிறுத்தக் காரணம் இல்லை. வைக்கிற இடம் துணி காய்கிற கொடிக்கும் குடிதண்ணீருக்கும் தள்ளி இருக்கட்டும், மீதியை அன்றைக்கே கழுவித் தள்ளுங்கள், தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்து மாற்றுங்கள். நோய் உறுதியான பகுதி என்றால் கொஞ்ச காலம் நிறுத்துங்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் இருபது காகத்தைக் கூட்டுவது அவற்றுக்கே கெடுதல். அந்த நாளில் பசுமாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் முன்னோர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கோழி, முட்டை சாப்பிடலாமா?

இதற்குத்தான் நிறையப் பேர் போன் போடுகிறார்கள், பறவை மேல் அக்கறையில் பேச ஆரம்பித்து இங்கே வந்து முடிப்பார்கள். கறியின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டுவிட்டால் வைரஸ் செத்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் குழம்பு கொதிக்க வைக்கிற விதத்தில் அந்தச் சூடு எப்போதோ தாண்டிவிடுகிறது. சிக்கல் சாப்பிடுகிற கறியில் இல்லை, சமைக்கும் முன் கையாளுகிற கறியில். குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது தெறிக்கிற தண்ணீர், அதே பலகையில் வெட்டுகிற வெங்காயம், குழந்தை விளையாட்டாக வாயில் வைக்கிற துண்டு. கடைசியில் சொன்னது கற்பனை கிடையாது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை எச்5என்1 காய்ச்சலில் இறந்தது. சமைக்காத கோழித் துண்டை அது தின்றிருந்தது.

முட்டையை வேக வைத்து, ஆம்லெட் போட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். சுற்றுவட்டாரத்தில் நோய் இருக்கிற நாட்களில் ஆஃப் பாயில் வேண்டாம். கலக்கியும் வேண்டாம், கொங்கு நாட்டு நண்பர்கள் மன்னிக்கவும். கேரளத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் நோய் என்று சேதி வந்தாலே நாமக்கல்லில் முட்டை விலை ஆட்டம் காண்கிறது. நன்றாக வெந்த முட்டையைப் பார்த்து ஓடுகிற நம் பயத்துக்கு அந்தப் பண்ணைக்காரர்தான் விலை கொடுக்கிறார்.

வீட்டில் பத்து நாட்டுக்கோழி இருக்கிறது. என்ன செய்வது?

நோய்ச் செய்தி வருகிற நாட்களில் குளத்துப் பக்கம் மேய விடாமல் அடைத்து வையுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் காகம், கொக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். திடீரென்று ஒன்றிரண்டு நாளில் பாதிக் கோழி போனால், கொண்டை நீலமானால், மிச்சத்தை அவசர அவசரமாக அறுத்து விற்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் இப்படிக் கூட்டமாகச் சாகும், கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள், அதற்கு இழப்பீடு உண்டு. மறைத்துவிட்டு வெளியில் தெரிந்தால் ஊரே நஷ்டப்படும்.

பூனை, நாய்?

நாயைவிடப் பூனைக்கு ஆபத்து அதிகம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் இதே எச்5என்1-இல் செத்துப் போயின. பூனைச் சாதிக்கே இது ஒத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. செத்த பறவையைக் கவ்வ விடாதீர்கள், பச்சைக் கறி போடாதீர்கள்.

காட்டுப் பறவையிடம் இருந்து நேராக மனிதனுக்கு வந்திருக்கிறதா?

மிக அரிதாக. பலருக்கும் தெரியாத ஒரு சம்பவம் உண்டு. 2006-ல் அஜர்பைஜானில் கடுங்குளிரில் காட்டு அன்னங்கள் செத்துக் கிடந்தன. தலையணைக்கு அன்னத்தூவி நல்ல விலை போகும் என்பதால் கிராமத்துப் பெண்கள் அவற்றை எடுத்து வந்து வீட்டில் உட்கார்ந்து இறகு பறித்தார்கள். அவர்களில் சிலருக்கு எச்5என்1 வந்து, இளம் வயதிலேயே உயிர் போனது. வானத்தில் பறந்த அன்னம் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. மடியில் போட்டு, கையால் பறித்து, அந்தத் தூசியை மூச்சில் இழுத்ததுதான் வினை.

மற்றபடி 2003-ல் இருந்து 2025 வரை உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு இது வந்ததாகக் கணக்கு, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வளர்ப்புக் கோழி, வாத்தோடு நெருங்கிப் புழங்கியவர்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் ஏறியிருக்க மாட்டார்கள், அதனால் அந்தப் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் முதல் இறப்பு 2021 ஜூலையில், டெல்லி எய்ம்ஸில் சிகிச்சையில் இருந்த சிறுவன். மனிதனிடம் இருந்து மனிதனுக்குத் தொடர்ச்சியாகப் பரவுகிற திறமை இதுவரை இந்த வைரஸுக்கு வரவில்லை. வந்துவிடக்கூடாதே என்றுதான் விஞ்ஞானிகள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள். செத்த பறவையைத் தொட்ட பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் பறவையைத் தொட்டதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒசெல்டாமிவிர் என்கிற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

ஏரியில் கூட்டமாகப் பறவை செத்தால் அது இந்த நோய்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பேரியில் பதினெட்டாயிரத்துக்கு மேல் பறவைகள் செத்தன. எல்லோரும் பறவைக் காய்ச்சல் என்றே பேசினார்கள். போபால் இல்லை என்றது. பரேலி கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது பொட்டுலிசம், ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. செத்த பறவையில் புழு வைக்கும், புழுவில் நஞ்சு ஏறும், அந்தப் புழுவைத் தின்ற பறவை இறக்கையும் காலும் செயலிழந்து தண்ணீரிலேயே முங்கிச் சாகும், அதில் மறுபடியும் புழு. இரண்டு நோயிலும் முதல் வேலை ஒன்றுதான்: பிணத்தைச் சீக்கிரம் அப்புறப்படுத்துவது.

வெளிநாட்டில் நிலைமை எப்படி?

மோசம். 2020-க்குப் பிறகு கிளம்பிய வகை காட்டுப் பறவைகளுக்குள் பருவம் பார்க்காமல் சுற்றுகிறது. இஸ்ரேலின் ஹுலா பள்ளத்தாக்கில் 2021 டிசம்பரில் ஆயிரக்கணக்கில் கொக்குகள் செத்து விழுந்தன. அடுத்த வருஷம் பெருவின் கடற்கரையில் கூழைக்கடாக்கள் குவியல் குவியலாக, பின்னாலேயே கடற்சிங்கங்கள். 2023 அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்தில் அந்த வருஷம் பிறந்த யானைச்சீல் குட்டிகளில் பதினேழாயிரத்துக்கு மேல் செத்துப் போயின, தப்பித்தது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலேயே வந்துவிட்டது. மனிதர்கள் நாம் 'நமக்கு வருமா' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் பக்கம் கொள்ளைநோய் வந்து போய்க்கொண்டிருந்தது. பறவைகளை 'அவர்கள்' என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

காட்டுப் பறவைகளுக்குத் தடுப்பூசி போட முடியாதா?

ஏரிக்கு ஏரி பிடித்துப் போட முடியாது. அமெரிக்காவில் மொத்தமே சில நூறு மட்டும் மிஞ்சிய கலிபோர்னியா காண்டோர் கழுகுகளில் 2023-ல் 21 செத்தபிறகு அவற்றுக்குப் போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் எண் இருப்பதால் அது முடிந்தது. மற்றவை தானாகத் தேறி எழுந்தால்தான் உண்டு. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் என்கிற பாறைத்தீவில் கேனட் கடற்பறவைகள் 2022-ல் ஏராளமாகச் செத்தன. மறுபடி பார்த்தபோது சிலவற்றின் வெளிர்நீலக் கண் கறுத்துப் போயிருந்தது. சோதித்தால், நோய் வந்து பிழைத்தவை. உயிரோடு வந்த அடையாளத்தைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு பறக்கின்றன.

ஒரு வாத்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துகிறது. தூக்கி வந்து காப்பாற்றலாமா?

பறவை பிடிக்கும் என்கிறவர்கள் கேட்பது இது, பதில் சொல்ல எனக்கே கஷ்டமானதும் இதுதான். தூக்காதீர்கள். கோழியைக் கண்டு ஓடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது, துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற உங்களுக்குத்தான் ஆபத்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டுப் பூனைக்கும். தூரத்தில் நின்று வீடியோ எடுங்கள், எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள், போன் போடுங்கள். யாராவது வரும்வரை அங்கேயே நின்று, நாயும் பையன்களும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை ஒரு கிளுவைக்காக இரண்டு மணிநேரம் அப்படி நின்றேன். மருத்துவர் வந்து சேர்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதன் மூச்சு நின்றுவிட்டது. மாதிரி எடுத்துக்கொண்டு போனார். எட்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, இல்லை, அது வேறு ஏதோ என்றார்.